பெயர் எழுதுமுன் கதையைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2004 டிசம்பர் 26ஆம் திகதி நாவலடியில் என் தங்கையைக் கடல் கொண்டுபோனபோது அவளுடைய மகளுக்கு ஒன்பது வயது. நான் வளர்த்த அந்தப் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் ‘எல்லைநிலை ஆளுமைக் கோளாறு’ (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையின்றித் தடுமாறும் உளநலக் கோளாறு) என்று எழுதப்பட்டுப் பத்து ஆண்டுகளாகின்றன. அதன் பின் அவள் அழுதாலும் கோபித்தாலும் நோயின் குணம் என்றே சொல்லப்பட்டது. கடல் வந்த நாளைப் பற்றி அவளிடம் விசாரித்தவர் ஒரேயொரு தாதி மட்டுமே.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல் இக்கோளாறுக்கு 9 அறிகுறிகளைக் கூறி, அவற்றுள் 5 இருந்தால் போதும் என்கிறது. அவ்வாறெனில் ஒரே பெயரைச் சுமக்கும் இருவருக்கிடையே ஒரேயோர் அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கக்கூடும். இத்தகைய குறைகளைக் கண்டே, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு பழைய வகைப் பெயர்களைப் பெரும்பாலும் கைவிட்டு, தன்னைப் பற்றிய உணர்விலும் பிறருடனான உறவிலும் ஒருவர் எவ்வளவு இடர்ப்படுகிறார் என்பதைக் கொண்டு லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என மதிப்பிடச் சொல்கிறது. எல்லைநிலை என்பது அதில் விரும்பினால் சேர்க்கக்கூடிய குறிப்பாக மட்டுமே எஞ்சியுள்ளது.

எங்கள் மாவட்டத்தவர் கவனிக்க வேண்டிய வரி ஒன்றும் அதில் உண்டு. சமூக, பண்பாட்டுக் காரணங்களாலோ அரசியல் மோதலாலோ பெரும்பாலும் விளங்கிக்கொள்ளத்தக்க நடத்தையை ஆளுமைக் கோளாறாகக் கொள்ளலாகாது என்பதே அது. அயலவரை எளிதில் நம்பாமை, மனதிலுள்ளதை வெளியே சொல்லாமை ஆகியவை யுத்த காலத்தில் மட்டக்களப்பில் உயிரைக் காத்த பழக்கங்கள். இன்று அவையே ஒருவரின் குணக்கேடாகப் பதியப்படுமானால் அது பெரும் அநீதி. நீடித்த மனவடுவைத் தனி நோயாக ஏற்கும் பிரிவும் இப்புதிய வகைப்பாட்டில் இருப்பதால், ஆளுமையா மனவடுவா என்ற கேள்வியைக் கேளாமல் எதையும் எழுதக்கூடாது.

பெயரிடுவதே தவறு என்று நான் வாதிடவில்லை. சரியான நிர்ணயம் சரியான சிகிச்சைக்கு வழிகாட்டும். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் ஒரு வைத்தியருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன என்பதையும் அறிவேன். ஆயினும் பழைய வகைப்பாட்டின்படி எழுதப்பட்ட நிர்ணயங்களை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் உளநலப் பிரிவுகள் ஒருமுறையேனும் மீளாய்வு செய்ய வேண்டும். முடிவையும் அதற்கான காரணத்தையும் நோயாளிக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். என் பெறாமகள் தன் கொப்பியிலிருந்த ஆங்கிலச் சொற்களின் பொருளை ஒரு கைத்தொலைபேசியில் தேடித்தான் அறிந்துகொண்டாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.