ஃப்ரீ வேற, ஓபன் வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். இலவச ஆன்லைன் கோர்ஸ் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஃப்ரீயும் ஓபனும் ஒண்ணுங்கற மாதிரி எழுதிட்டாங்க, அங்கதான் எனக்கு இடிக்குது.

2001ல அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி யுனிவர்சிட்டி அவங்க பாடத்தையெல்லாம் நெட்ல போடறோம்னு சொன்னாங்களே, அது ஓபன். லாகின் கேக்க மாட்டான், கடைசி தேதி கிடையாது, லெக்சர் நோட்ஸ், பழைய கொஸ்டின் பேப்பர் எல்லாம் டவுன்லோட் பண்ணிக்கலாம், கிரியேட்டிவ் காமன்ஸ்னு, சில கண்டிஷனோட யார் வேணா எடுத்துக்கலாம்னு சொல்ற லைசென்ஸ்ல இருக்கறதால மொழிபெயர்த்து நாலு பேருக்கு குடுக்கவும் செய்யலாம், வியாபாரம் பண்ணாம எங்க எடுத்தோம்னு போட்டு, நாம பண்ணதையும் அதே மாதிரி திறந்து விட்டா போதும்.

அப்புறம் 2011ல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி நெட்ல ஃப்ரீயா நடத்துன ஏஐ கோர்ஸுக்கு 1,60,000 பேர் சேந்ததும் மறு வருஷமே கோர்செரா, எடெக்ஸ்னு ஆன்லைன் கோர்ஸ் சைட்டெல்லாம் வரிசையா வந்துச்சு. இப்ப நிலைமை என்னன்னா, நான் ஒரு சைட்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கோர்ஸ் ஃப்ரீன்னு பாத்து சேந்தேன், வீடியோ ஓடுது, குவிஸ தொட்டா பூட்டு படம், சரி போகட்டும்னு பாத்துக்கிட்டே வந்தேன், நடுவுல வேலை அதிகமாகி கொஞ்ச நாள் விட்டுட்டு திரும்பி போனா உங்க டைம் முடிஞ்சுது, காசு கட்டுங்கங்கறான். நோட்டுல "3வது வாரம், 2வது வீடியோ, 7வது நிமிஷம், திரும்ப பாக்கணும்"னு எழுதி வச்சது அப்படியே இருக்கு, வீடியோதான் இல்ல.

எம்ஐடி, ஹார்வர்ட் எடெக்ஸ்ல நடத்துன கோர்ஸ்கள்ல 2017-18ல சேந்தவங்கள்ல முடிச்சவங்க 3 சதவீதம் சொச்சம்தான்னு 2019ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. உடனே ஜனங்க சோம்பேறின்னு சொல்லிடறாங்க. நானும் யோக்கியன் இல்ல, பதினாலு கோர்ஸ்ல சேந்து ரெண்டுதான் முடிச்சிருக்கேன், அந்த பதினாலுல பாதி கோர்ஸ திறந்துகூட பாக்கல. ஆனா அந்த ரெண்டும் எப்படி முடிஞ்சுதுன்னா, கூட வேலை பாக்கற ஒருத்தரும் நானும் ஞாயித்துக்கிழமை ராத்திரி போன்ல உக்காந்து ஆளுக்கு ஒரு கணக்கு போட்டு, விடைய மாத்தி மாத்தி திருத்திக்கிட்டோம், எங்க தப்பு வந்துச்சுன்னு சண்டை வேற. ரெண்டுமே டவுன்லோட் பண்ணி வச்ச கோர்ஸ், அதனால ஒரு மாசம் கேப் விழுந்தப்பவும் விட்ட இடத்துலேந்து தொடர முடிஞ்சுது. நைட் ஷிஃப்ட் பாக்கறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கவங்க, நெட் சரியா வராத எடத்துல இருக்கவங்களுக்கெல்லாம் இதுதான் ஒத்துவரும்.

அடுத்த தடவை கோர்ஸ் லிஸ்ட் போடறப்ப ஒவ்வொண்ணு பக்கத்துலயும் டவுன்லோட் உண்டா, குவிஸ் பூட்டியிருக்கா, எத்தன நாள் திறந்திருக்கும், என்ன லைசென்ஸ்னு சேத்து போடுங்க சார். சர்டிஃபிகேட் பத்தி கடைசியா போட்டா போதும்.

இப்படிக்கு,
உங்க வாசகன்