22 மாதம் நான் எங்கே இருந்தேன் என்று சொன்னவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எனக்கு வரவேண்டிய ஃபீல்டு ஏரியா அலவன்ஸ் (கஷ்டமான இடத்தில் ராணுவப் பணி பார்த்ததற்கான படி), மாதம் 6,000 வீதம் 22 மாதத்துக்கு 1,32,000 ரூபாய், 2023 ஜூலையில் வங்கிக் கணக்கில் ஏறியது. அப்போது லேத்தில் ஒரு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் எண்ணெய். பக்கத்து மெஷின் பையனிடம் போனைக் காட்டி, வந்த குறுஞ்செய்தியை வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு, "அண்ணா, யாரோ தப்பா போட்டுட்டாங்களாட்ட இருக்குது" என்றான். சிரித்துவிட்டேன். இதே பணம் ஒருமுறை தப்பாகப் போய்ச் சேர்ந்த கதை அவனுக்குத் தெரியாது.

நன்றி சொல்ல ஒன்றரை வருஷம் தாமதித்துவிட்டேன். அதற்குக் காரணம் ஒரு ஆள். அவனைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நான் டெரிட்டோரியல் ஆர்மியில் சிப்பாய். இதைச் சொன்னாலே ஊரில் அடுத்த கேள்வி, "தோனி இருக்காரே, அதுங்களா?" அதுதான். 2019இல் அவர் காஷ்மீரில் இரண்டு வாரம் அவருடைய பாரா பட்டாலியனோடு இருந்தபோது நானும் வடக்கேதான் இருந்தேன். வேறு பட்டாலியன், வேறு இடம், பார்த்ததில்லை. 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கிவைத்த படை இது. சொந்தத் தொழிலோ வேலையோ இருப்பவர்கள் வருஷத்தில் சில வாரம் பயிற்சிக்குப் போவோம். தேவை வந்தால் 'எம்பாடி' செய்து அழைத்துக்கொள்வார்கள். அதிலிருந்து ரெகுலர் ராணுவத்துக்கு என்ன சம்பளமோ, என்ன படியோ, அதுதான் எங்களுக்கும். தேவை முடிந்தால் 'டிஸெம்பாடி' செய்து வீட்டுக்கு அனுப்புவார்கள். போன வேலையை முதலாளி திரும்பத் தரவேண்டும் என்று 1948ஆம் வருஷச் சட்டத்தின் 7ஆவது பிரிவு சொல்கிறது. என் முதலாளி அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. 2019 டிசம்பரில் போய் நின்றேன். "வா தம்பி, உன்ற மெஷின் அப்படியேதான் கெடக்குது" என்றார். அண்ணா, முதல் நன்றி உங்களுக்கு.

2018 பிப்ரவரியில் எங்கள் கம்பெனி, அதாவது பட்டாலியனில் எங்கள் பிரிவு, மேலே வடக்கே போனது. ஊர்ப் பெயர் எழுதுவதற்கில்லை. குழாயில் தண்ணீர் உறையும் இடம் என்பது போதும். அடுத்த வருஷம் நவம்பர் வரை அங்கேதான் இருந்தேன். ஆனால் காகிதம் வேறு சொன்னது. காகிதப்படி அந்த 22 மாதமும் நான் ரியர் பார்ட்டியில் (மற்றவர்கள் மேலே போனபோது பின்னால் நின்றுகொண்ட குழு), தெற்கே வெயிலில், ஸ்டோர் காவலில் இருந்தேன்.

எப்படி இப்படி ஆகும் என்று கேட்காத ஆள் இல்லை. கம்பெனியில் என் பெயரில் இன்னொருவன் இருந்தான். இனிஷியலும் ஒன்று. என்னை 'ஊத்துக்குளி' என்றும் அவனை 'ராஜபாளையம்' என்றும் கூப்பிடுவார்கள். குழப்பமே வராது, வாயால் கூப்பிடும்வரை. மேலே போனது ஊத்துக்குளி, கீழே நின்றது ராஜபாளையம். ஃபீல்டு ஏரியாவுக்கு வந்துசேர்ந்தோம் என்று போட்ட பார்ட் டூ ஆர்டரில் (சிப்பாயின் பதிவேட்டில் ஏறவேண்டியதைச் சொல்லும் உத்தரவு) யாரோ என் பெயரை எழுதி அவன் ராணுவ நம்பரைப் போட்டுவிட்டார்கள். சம்பளக் கணக்கு நம்பரைத்தான் பார்க்கும். யார் போட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் இல்லை.

நான் ஏன் கவனிக்கவில்லை? பே ஸ்லிப்பை யார் வரிவரியாகப் படிக்கிறார்கள். பேசிக் வருகிறது, டிஏ வருகிறது, சரி. மற்றது அரியர்ஸாக மொத்தமாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். 2021 பொங்கலுக்கு என்னோடு மேலே இருந்த ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். என் மனைவி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். இரண்டு வீட்டுப் பே ஸ்லிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அவள்தான். "உங்களுக்கு ஒரு வரி கம்மியா இருக்குதுங்க" என்றாள். தன்னைப் பற்றி இதில் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

முதலில் நானே நாலு பக்கத்துக்கு மனு எழுதினேன். பனி, குளிர், நாட்டுப்பற்று எல்லாம் அதில் இருந்தது. 'ஆவணங்களின்படி தாங்கள் ரியர் பார்ட்டியில் இருந்தீர்கள்' என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பணம் வராவிட்டால் போகட்டும். நீ அங்கே போகவே இல்லை என்று ஒருத்தர் முத்திரை குத்தி எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்!

பாலக்காட்டு ஹவில்தார் கிளார்க் சாப், இங்கேதான் நீங்கள் வந்தீர்கள். என் மனுவைப் படித்துவிட்டுப் போனில் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "கதை வேண்டா. மூணு கட்டம் போடு. முதல் கட்டத்துல ரெக்கார்டு என்ன சொல்லுது. ரெண்டாவதுல நெசம் என்ன. மூணாவதுல எந்தக் காகிதம் அதைக் காட்டுது." மூன்றாவது கட்டம் எனக்குக் காலியாக இருந்தது. அதை நிரப்பத்தான் இரண்டு வருஷம் ஆனது.

ராணுவக் காகிதத்தில் 'கேஷுவால்டி' என்றால் அடிபட்டது, செத்தது மட்டும் இல்லை என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் ஒரு கேஷுவால்டி. குழந்தை பிறந்தால் அதுவும் கேஷுவால்டி. ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் அப்படித்தான். பார்ட் டூ ஆர்டரில் ஏறாதது நடக்காதது. ஏறியதை அழித்து எழுதவும் முடியாது. பழையதை ரத்து செய்து ஓர் ஆர்டர், சரியானதைச் சொல்லி இன்னோர் ஆர்டர், இரண்டும் போகவேண்டும். பழைய ஆர்டரின் நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து எழுதச் சொன்னார். எழுதினேன். 6(3) பிரிவின்படி வேறு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். ஏப்ரலில் நகல் வந்தது. என் பெயர், ராஜபாளையத்தான் நம்பர். கடைசி இரண்டு இலக்கம்தான் வித்தியாசம்.

ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு கிலோ கொண்டுபோய்க் கொடுத்தேன். "வேலை முடியாம ஒண்ணும் வாங்க மாட்டேன்" என்றார். வேலை முடிந்து கொண்டுபோனால், "முடிஞ்சப்புறம் எதுக்கு" என்றார். சாப், அந்த வெண்ணெய் இன்னும் பாக்கி.

மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் ஓர் அம்மா இருந்தார். டெரிட்டோரியல் ஆர்மிக்காரர் ஓய்வூதியம் வாங்கினாலோ, பணியில் ஊனமடைந்தாலோ, வீரப் பதக்கம் பெற்றாலோதான் முன்னாள் படைவீரர் கணக்கில் வருவார் என்று விதியை எடுத்துக் காட்டினார். நான் எதிலும் இல்லை. "நீங்க என்ற லிஸ்ட்லயே இல்லீங்க தம்பி, உட்காருங்க" என்று சொல்லி, என் காகிதங்களைத் தேதி வரிசைப்படி அடுக்கி நூல் கோத்துக் கொடுத்தார்.

சென்னையில் ராணுவத் தீர்ப்பாய வழக்குகள் நடத்தும் வக்கீல் ஐயாவை 2021 மார்ச்சில் பார்த்தேன். அவர்தான் பயத்தைக் காட்டினார். 16 வருஷம் கழித்து ஊன ஓய்வூதியம் கேட்டு வந்த தர்செம் சிங் என்ற ராணுவக்காரருக்கு, மூன்று வருஷ பாக்கி மட்டும்தான் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். என் கணக்கு 2018 பிப்ரவரியில் தொடங்குகிறது. "நீங்க ஒரு மாசம் யோசிச்சா ஒரு மாசப் பணம் போகலாம். கொரோனாவுக்காகக் கோர்ட்டு கொடுத்த கால விலக்கு இருக்கு, ஆனா அதை நம்பி உட்காராதீங்க" என்றார். வழக்கும் உடனே போடவில்லை. முதலில் ராணுவச் சட்டம் 26ஆவது பிரிவில் முறையீடு கொடுக்கச் சொல்லி அவரே எழுதித் தந்தார். ஃபீஸ் என்று டைப்பிங் செலவு மட்டும் வாங்கினார். ஐயா, வழக்கே போடாமல் முடிந்ததில் உங்களுக்குத்தான் நஷ்டம்.

இனி மூன்றாவது கட்டம். பனியில் எடுத்த போட்டோ சாட்சி ஆகாது. மேலே எங்கள் காவல் போஸ்ட்டைப் பார்த்துக்கொண்ட சுபேதார் சாப் அப்போது ஓய்வு பெற்று நாகர்கோவிலில் இருந்தார். போன் செய்தேன். "நீ அங்கே இருந்தாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கு. ஞாபகத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பழைய பாக்கெட் டைரிகளைப் பரணிலிருந்து இறக்கி, நான் டியூட்டி நின்ற தேதிகளைத் தேடி எடுத்திருந்தார். அதில் ஒன்று நான் காய்ச்சலில் படுத்து அவரே என் டியூட்டியைப் பார்த்த தேதி. அதையும் விடாமல் எழுதியிருந்தார். இப்படிப்பட்ட சர்டிபிகேட்டை யார் சந்தேகப்படுவார்கள்!

அப்புறம் என் அம்மா. மாதாமாதம் இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் பார்சல் போடும். நெய்யும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போய், "நெய் போகாதுங்கம்மா" என்று அஞ்சலகத்தில் திட்டு வாங்கும். விலாசத்தில் ஊர் இருக்காது. நம்பர், பேர், யூனிட், 56 ஏபிஓ (ராணுவ அஞ்சலகம்). பின்கோடு 9இல் தொடங்கும், அது ராணுவத் தபாலுக்கு மட்டும் உள்ள எண். ரியர் பார்ட்டியில் ஸ்டோர் காவல் பார்க்கிறவனுக்கு யாரும் ஏபிஓ விலாசத்தில் இட்லிப் பொடி அனுப்ப மாட்டார்கள். ரசீதுகளைப் பத்திரமாக வைக்கச் சொன்னது எங்கள் கிளை அஞ்சலக அதிகாரி. அம்மா மஞ்சப்பையில் போட்டு அரிசி அண்டாவுக்குப் பின்னால் வைத்திருந்தது. 14 ரசீது. 9 வெளுத்துப் போய் வெறும் வெள்ளைத் தாள். 5 படிக்க முடிந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தபடி, "இதுக்கெல்லாமா சாமி காசு தருவாங்க?" என்று கேட்டது.

இவ்வளவும் சேர்ந்தும் ஃபைல் நகரவில்லை. நான் மேலே இருந்தேன் என்பதைக் காட்டியாகிவிட்டது. ராஜபாளையத்தான் மேலே இல்லை என்பதை யார் சொல்வது? அவன் சொன்னால்தான் உண்டு. சொன்னால் அவன் வாங்கிய பணத்தைத் திரும்பக் கட்டவேண்டும்.

நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. கிளார்க் சாப் மூலமாகத் தெரிந்துகொண்டு அவனே கூப்பிட்டான். "மாப்ள, அப்பவே எனக்கு ஒரு சந்தேகம். கேட்டேன். வருதுல்ல, வாங்கிக்கன்னுட்டாங்க. தங்கச்சி கல்யாணத்துல போட்டுட்டேன்" என்றான். மறுவாரமே, 'அந்த 22 மாதமும் நான் ரியர் பார்ட்டியில் இருந்தேன், மேலே போனது என் பெயர் கொண்ட இன்னொருவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான்.

வக்கீல் ஐயாவிடம் அவனுக்காகவும் கேட்டேன். கீழ்நிலை ஊழியர்களுக்குத் தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று 2014இல் ரஃபீக் மாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, எதிர்த்துப் பார்க்கலாம் என்றார். சந்தோஷமாகப் போய் அவனிடம் சொன்னேன். "நான் எதிர்த்து மனு போட்டா ரெண்டு பேர் ஃபைலும் ஒண்ணா நிக்கும். உன்னுது முதல்ல போகட்டும்" என்றான். போகட்டும் என்றே விட்டுவிட்டான். பாதிப் பணத்தை நான் தருகிறேன் என்றேன். அதற்கு அவன் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அவன் இன்னும் எம்பாடி ஆகித்தான் இருக்கிறான். 2023 ஆகஸ்ட்டிலிருந்து சம்பளத்தில் மாதம் 3,000 பிடிக்கிறார்கள். மொத்தம் 44 தவணை. எல்லாம் முடிந்த பிறகு நன்றி எழுது என்றான். நான்தான் பொறுக்காமல், பெயர் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து இப்போதே எழுதுகிறேன். பெயர் போட்டாலும் அது நான் எனக்கே நன்றி சொன்னது போலத்தான் இருக்கும்.

தவணை பிடித்த அன்று அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் எண் வரும். வேறு ஒரு வார்த்தை இருக்காது. முதலில் 43 வந்தது. இந்த 2024 டிசம்பரில் 27.

இப்படிக்கு,
ஊத்துக்குளி