அளவு நோட்டின் பின்பக்கம்

இராயபுரம்,
நவம்பர் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நானும் அப்பாவும் நலம். மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடிப்பதால் தையல் மிஷினை ஜன்னலோரத்திலிருந்து பீரோ பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸ் ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. லைனிங் துணி வாங்க எம்.சி. ரோட்டுக்குப் போனால் நிற்க இடமில்லை.

போன வாரம் போனில் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. "அம்மா, எனக்கு செபமே வரமாட்டேங்குது. செபமாலையை எடுத்தா கைதான் உருட்டுது. பூசையிலயும் சும்மா நிக்கிறேன்" என்றாய். நான் "எல்லாம் சரியாயிடும், சாப்பிட்டியா" என்றேன். உங்கள் ஊரில் ராத்திரி எட்டு என்றால் இங்கே ஒன்றரை மணி, தூக்கக் கலக்கம். ஆனாலும் அது பதில் இல்லை. வைத்த பிறகு எனக்குத் தூக்கமும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் அளவு நோட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது அதன் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வீடு வரைந்தாய் என்று உன்னை அடித்தேன். ப்ளவுஸ் அளவு அழிந்துவிடும் என்று அம்மாவுக்குக் கோபம், அப்படித்தான் நீ நினைத்திருப்பாய். அளவெல்லாம் முன்பக்கத்தில்தான் இருந்தது, பாப்பா. பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதியது வேறு. இத்தனை வருஷத்தில் பதினேழு நோட்டு. அப்பாவுக்குக்கூடச் சொன்னதில்லை. ஒரே அறை இருந்த வீட்டில் ஒரு பெண் உட்கார்ந்து எழுதினால் "என்ன கணக்கு?" என்றுதான் கேட்பார்கள். அளவு நோட்டை யாரும் புரட்டமாட்டார்கள்.

உன் அண்ணனுக்கு ஒவ்வொரு நவம்பர் 2-ம் தேதியும் காசிமேடு கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். இந்த வருஷமும் மழையில் குடை பிடித்துக்கொண்டு ஏற்றிவிட்டு வந்தோம். அவன் இறந்தே பிறந்தான் என்பது உனக்குத் தெரியும். மீதியை நான் சொன்னதில்லை. 1993 ஜூலை. எட்டாம் மாதம் முடியும் நேரம். அசைவு குறைந்திருக்கிறது என்று போய்ச் சொன்னேன். இந்த மாதத்தில் அப்படித்தான் இருக்கும் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. 2 கிலோ 100 கிராம். முகத்தை ஒரு தடவைதான் காட்டினார்கள். வீட்டில் யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் நான் அழுவேன் என்று பயம். துக்கம் விசாரிக்க வந்த பெரியவர் ஒருவர் மட்டும் பேசினார். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை மோட்சத்துக்குப் போகாது, அடுத்ததையாவது ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள் என்றார்.

பத்தாம் நாள், முன்பே ஒத்துக்கொண்ட கல்யாண ஆர்டருக்காக ஒரு பெண் வந்து நின்றாள். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை. அளவெடுத்தேன். உயரம் 14, மார்பு 34, தோள் 13½, கை 9. எழுதி முடித்ததும் அதற்குக் கீழேயே கை தானாக எழுதியது: 2 கிலோ 100. பக்கத்தில் தேதி. அன்று ராத்திரி நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து ஒரு வரி எழுதினேன். "ஆண்டவரே, என் பிள்ளை எங்கே?" மறுநாளும் அதே வரி. மூன்று மாதத்துக்கு வேறு ஒன்றுமே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இடையிடையே கோபம் இருக்கிறது. உனக்குக் காட்டக் கூச்சமாக இருக்கும் அளவுக்குக் கோபம்.

அப்போது அதைச் செபம் என்று நான் நினைக்கவில்லை. செபம் செய்ய முடியாததால் எழுதுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

டேப்பைப் போட்டதும் பெண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வேண்டுமென்று செய்வதில்லை, தானாக வந்துவிடும். அந்த அளவுக்குத் தைத்தால் ப்ளவுஸ் ஒரு நாளும் பொருந்தாது. அதனால் நான் சும்மா ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். அவர்கள் பதில் சொல்லும்போது மூச்சு வெளியே வரும், அப்போது அளவைப் பார்த்துக்கொள்வேன். நாம் கோவிலில் முழங்கால் போட்டதும் அப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். நன்றி ஆண்டவரே, உமது சித்தம் ஆண்டவரே என்கிறோம். சரி, அதுவும் வேண்டியதுதான். ஆனால் எனக்குள் இருந்தது அது இல்லையே. நோட்டில் எழுதும்போதுதான் மூச்சை விட்டேன்.

விவிலியத்தில் அன்னாவைப் பார். பிள்ளை இல்லாத அழுகையில் உதடு மட்டும் அசைய வேண்டுகிறாள். அதைப் பார்த்த குரு ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். நான் குடிக்கவில்லை, ஆண்டவர் முன்னால் என் உள்ளத்தைக் கொட்டுகிறேன் என்று அவரிடமே சொன்னாள். 88-ம் திருப்பாடல் இருட்டிலேயே முடிகிறது, கடைசிவரை ஒரு ஆறுதல் வரிகூட இல்லை. அதைத் திருச்சபை தூக்கிப் போடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இரவு செபத்தில் வைத்திருக்கிறது. இது தெரிந்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

ஒரு தவக்காலத் தியானத்துக்குச் சேசு சபை ஃபாதர் ஒருவர் வந்திருந்தார். அன்றன்றைக்கு எங்கே தவறினோம் என்று மனதைப் பார்க்கிற ஆன்ம சோதனையைப் பற்றிச் சொல்லும்போது, சேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் அதைக் காகிதத்தில் கோடு போட்டுச் செய்யச் சொன்னார் என்றார். நாளுக்கு இரண்டு வேளை, தவறிய தடவைகளுக்குக் கோட்டின்மேல் புள்ளி. துணியில் சாக்பீஸால் குறி போடுகிறவளுக்கு இது உடனே புரிந்தது. போர்வீரராக இருந்த அந்த மனிதர் 1544-லும் 1545-லும் எழுதிய குறிப்பேடு இன்றும் இருக்கிறது. எந்தப் பூசையில் கண்ணீர் வந்தது, எதில் வரவில்லை என்று நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். அழுகையைத் தேதி போட்டு எழுதலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிரான்ஸில் மடத்துக் கன்னியாக இருந்த குழந்தை தெரேசம்மாளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற மலிவான நோட்டில்தான் எழுதினாள். தானாக எழுதவில்லை, மடத்துத் தலைவியாக இருந்த சொந்த அக்கா எழுதச் சொன்னாள். 1896 ஈஸ்டர் சமயத்திலிருந்து விசுவாசமே இருண்டுவிட்டது. மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டு. அந்த நாட்களில் விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். 1897-ல் இறக்கும்போது வயது 24. கடைசிப் பக்கங்கள் பென்சிலில் இருக்கின்றன. பேனா பிடிக்கத் தெம்பில்லை. பூசையில் சும்மா நிற்கிறேன் என்கிறாயே, அவளும் அப்படி நின்றவள்தான், கண்ணு.

நீ எப்படி எழுதுவது? வார்டில் எழுதுகிற மாதிரியே எழுது. காய்ச்சல் 102 என்றால் 102 என்றுதானே எழுதுவாய்? டாக்டர் வருத்தப்படுவார் என்று 99 போடமாட்டாய். தேதி, நேரம், உள்ளது. டியூட்டி முடிந்து வந்ததும் மூன்று வரி போதும். அன்றைய நற்செய்தியிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைக் கையால் எழுது. போனில் படிக்கும்போது கண் தாண்டிப் போய்விடும், கையால் எழுதும்போது ஏதாவது ஒரு சொல் தடுக்கும். அந்தச் சொல்லைப் பற்றி ஆண்டவரிடம் எழுது. 'நீர்' என்று எழுது, 'அவர்' என்று வேண்டாம். இதில்தான் நான் பல வருஷம் தடுமாறினேன். என் கஷ்டத்தை எனக்கே எழுதிக்கொண்டிருந்த பக்கங்களைப் படித்தால் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். 'ஆண்டவரே, நீர்' என்று தொடங்கிய பக்கங்களில், சண்டையாகவே இருந்தாலும், எங்கேயோ நகர்ந்திருக்கிறேன்.

அழகாக எழுதாதே. யாரோ படிப்பார்கள் என்று நினைத்து எழுதினால் மறுபடியும் மூச்சு பிடித்துக்கொள்ளும். இன்னொருவருடைய குற்றத்தைப் பற்றி எழுதிய பக்கங்கள் சிலவற்றை நான் கிழித்து அடுப்பில் போட்டிருக்கிறேன். போடத்தான் வேண்டும். நோட்டில் எழுதிவிட்டோம் என்று பாவசங்கீர்த்தனத்தை விட்டுவிடாதே, அது வேறு. அப்புறம், இதைக் கவனமாகக் கேள். வாரக் கணக்கில் ஒரே இருட்டாக இருந்தால், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று கை எழுத ஆரம்பித்தால், எழுதிக்கொண்டே இருக்காதே. எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு, டாக்டரைப் பார். நோயாளிக்கு நீ என்ன சொல்வாயோ அதை நீயும் செய்.

எழுதியதற்குக் கீழே நாலு வரி இடம் விடு. ப்ளவுஸ் தைக்கும்போது பக்கவாட்டில் உள்ளே துணி விட்டுத்தானே தைக்கிறோம்? பிறகு பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். நான் விட்ட இடங்களில் பல வருஷம் கழித்து எழுதியிருக்கிறேன். "என் பிள்ளை எங்கே?" என்பதற்குக் கீழே 2007 என்று இருக்கும். அந்த வருஷம் ரோமில் இறையியலாளர்கள் குழு ஒன்று, ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பக் காரணம் உண்டு என்று ஆய்ந்து எழுதி வெளியிட்டது. பங்கு ஃபாதர் அதைச் சொன்னார். 1992-ல் வந்த மறைக்கல்வி நூலிலேயே அப்படிப்பட்ட குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறோம் என்று இருக்கிறதாம். அவன் பிறப்பதற்கு முந்தின வருஷம், பாப்பா. எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் எனக்கு ஒருத்தரும் உதவவில்லை என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். போன தவக்காலத்தில் முதல் நோட்டை எடுத்துப் படித்தேன். கோபத்துக்கு நடுவில், அளவு எழுதுகிற மாதிரி, துண்டு துண்டாக இருக்கிறது: "எதிர்வீட்டு அக்கா பூண்டுக் கஞ்சி." மறுநாள், "அக்கா கஞ்சி." இன்னொரு நாள், "பால் கட்டிக்கொண்டு வலி. அக்கா மல்லி இரண்டு முழம் வாங்கிவந்து மார்பில் வைத்துக் கட்டிவிட்டார்கள். காசு வாங்கவில்லை." எண்ணிப் பார்த்தேன், பதினொரு நாள். ஆடி மாதம் தெருவில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அக்காதான், நீ பெரியம்மா என்று கூப்பிடுவாயே. அவர்கள் வீட்டில் அத்தனை வேலை நடக்கிற மாதத்தில் பதினொரு நாள் வந்திருக்கிறார்கள். நான் சுத்தமாக மறந்துவிட்டேன். ஆண்டவர் பேசாமல் இருக்கிறார் என்று பக்கம் பக்கமாக எழுதிய அதே நோட்டில், அதே கையெழுத்தில் அது இருக்கிறது.

அக்கா இப்போது மகன் வீட்டில், திருவொற்றியூரில் இருக்கிறார்கள். படித்த மறுநாளே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை. நோட்டைப் படித்துக் காட்டினேன். "பூ வாடிப்போச்சுன்னு ரெண்டாவது தபா மாத்திக் கட்டினேனே, அதை எழுதலையா?" என்று கேட்டார்கள். எழுதியிருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, விட்டிருந்த இடத்தில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் கிளம்புகிற பிள்ளையிடம் ஒரு பார்சல் கொடுத்து அனுப்புகிறேன். நெத்திலிக் கருவாடு, பருப்புப் பொடி, பிறகு கோடு போட்ட 192 பக்க நோட்டு ஒன்று. முதல் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை, அது உன்னுடையது. நோட்டுக்குள் டேப் வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 2019-ல் எடுத்த அளவு. தூங்கி எழுந்த பிறகு நிதானமாக அளவெடுத்து அனுப்பு, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ப்ளவுஸ் தைத்து அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா