மாஸ்க்குக்காகச் சொன்ன சாரி

அக்கா,

வீடு விற்றாகிவிட்டது, ஆகஸ்ட் கடைசியில் சாவி கொடுக்கிறேன், செப்டம்பரில் மகளோடு பெர்த் என்று குடும்பக் குரூப்பில் மூன்று வரி போட்டிருந்தாய். எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள். நான் சொல்லாததை நீ கவனித்திருப்பாய், நீ கவனிக்காத விஷயம் எது. குரூப்பில் சொல்ல வாய் வராதவன் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறானே என்று கோபம்கூட வரும். போன் செய்யலாம்தான். எடுத்தவுடன் நீ "சாப்பிட்டியா" என்பாய், நான் "ஆச்சு" என்பேன், அப்புறம் உன் முழங்கால், என் பையனின் ஓ லெவல் தேர்வு, அதோடு வைத்துவிடுவோம். நாலு வருஷமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நேற்று ஜூலை 21. சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடங்களில் இன நல்லிணக்க நாள். காலையில் எங்கள் புளோக் மின்தூக்கியில் ஒரு சீனப் பொடியன் யாரோ இரவல் கொடுத்த ஜிப்பாவில், தோளுக்குத் துண்டு வேறு, அவ்வளவு அழகாக நின்றுகொண்டிருந்தான். 1964-இல் இதே தேதியில் கலவரம் நடந்தது, அதை மறக்கக்கூடாது என்றுதான் 1997-இல் இந்த நாளை ஆரம்பித்தார்கள் என்று அவனுக்குச் சொல்லியிருப்பார்களா தெரியவில்லை. என்னைப் பார்த்து "வணக்கம் அங்கிள்" என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே, ஏனோ, உன் ஞாபகம் வந்தது. அதனால்தான் இன்றைக்கு எழுதுகிறேன், நாளைக்கு என்றால் எழுதமாட்டேன்.

பஸ்ஸில் நடந்ததை உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் எனக்கு அது எப்படி இருந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

2021 மே 9, அன்னையர் தினம். இரண்டு வாரத்துக்கு முன்புதான் இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு இங்கே கதவை அடைத்திருந்தார்கள். கிருமிக்கு டெல்டா என்று இன்னும் பெயர் வைக்கவில்லை, எல்லார் வாயிலும் 'இந்திய வகை'தான். (அடுத்த வாரமே டில்லி முதல்வர் 'சிங்கப்பூர் வகை' என்று ட்விட்டரில் எழுதியபோது இங்கே எவ்வளவு கொந்தளிப்பு! சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சே அதிருப்தி தெரிவித்தது. ஊர்ப்பெயரைக் கிருமிக்கு வைத்தால் எப்படிச் சுடும் என்று அப்போது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது.) அந்த அன்னையர் தினத்துக்கு இரண்டு நாள் முன்னால் சுவா சூ காங்கில் மாஸ்க்கை இறக்கிவிட்டு வேகநடை போன 55 வயது மாதை, இனத்தைச் சொல்லித் திட்டி ஒருவன் நெஞ்சில் உதைத்திருந்தான். அது நமக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனா? இன்னும் பயந்திருப்பேன், அவ்வளவுதான்.

கேக் பெட்டி என் மடியில். ஜன்னலோரம் உன் தம்பி பெண்டாட்டி. எங்களுக்கு முன்னால் நீ போனில் சித்தியிடம் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தாய், மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆமாம் அக்கா, இறங்கியிருந்தது. அதை நீ ஒத்துக்கொண்டதே இல்லை. அந்த அம்மாள் உன் பக்கத்திலிருந்து எழுந்து, டிஷ்யூவை மூக்கில் வைத்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்: உங்கள் ஊரிலிருந்து இதைக் கொண்டுவந்தது போதாதா, இங்கேயும் ஊர்சுற்றிப் பரப்பவேண்டுமா, உன் நாட்டுக்குப் போ. அவளுக்கும் உன் வயதுதான் இருக்கும். பார்த்தால் யார் வீட்டுப் பாட்டியோ, கையில் ஈரச்சந்தைப் பை, அதில் கங்கோங் கீரை நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கீரை மட்டும் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

நீ போனை வைத்தாய். திரும்பினாய். ஹொக்கியன் சீனத்தில் ஆரம்பித்தாய்.

பழைய சொங் பாங் கிராமத்தில் குவே பலகாரம் விற்ற கிழவி உன்னை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்த ஹொக்கியன். 1979-இல் மாண்டரின் பேசச் சொல்லி இயக்கம் தொடங்கிய பிறகு சீனர் வீட்டிலேயே தேய்ந்துபோன ஹொக்கியன். அந்த அம்மாளுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. பின்னால் ஒரு கிழவர் சிரித்தேவிட்டார். எனக்குத் தெரிந்த ஹொக்கியன் தேசிய சேவையில் கற்ற கெட்ட வார்த்தைகளும் அதைச் சுற்றியுள்ள நாலு வார்த்தைகளும்தான், ஆனாலும் எனக்குப் புளகாங்கிதம். என் அக்கா!

அப்போதுதான் மணியை அழுத்தினேன். உன் கையைப் பிடித்து, "விடுக்கா, இறங்கிடலாம்" என்றேன். இறங்கும்போது அந்த அம்மாளைப் பார்த்து "சாரி ஆன்ட்டி" என்றேன்.

இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, அந்த வெயிலில், ஒரு வார்த்தை பேசாமல் நடந்தோம். அம்மா பெட்டியைத் திறந்து, "யாராச்சும் இதுமேல உட்கார்ந்தீங்களாடா" என்று கேட்டபோது மூன்று பேரும் சிரித்தோம். கிரீம் எல்லாம் ஒரு பக்கம் வழிந்து, அதில் எழுதியிருந்தது படிக்க முடியாமல் போயிருந்தது. அம்மாவுக்கு அதுதான் கடைசி அன்னையர் தின கேக் என்று யாருக்குத் தெரியும்.

மாஸ்க்குக்காகத்தான் சாரி சொன்னேன். நாலு வருஷமாக இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மாஸ்க் போடாதது சட்டப்படி தப்பு, யாராவது புகார் கொடுத்தால் உனக்குத்தான் அபராதம், பஸ்ஸில் மூன்று பேர் போனைத் தூக்கிப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் வேலை என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை, உனக்குத் தெரியும், என் முகம் அந்தக் காணொளியில் வந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். 2019-இல் சீன நடிகர் ஒருவர் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு இந்தியராகவும் மலாய்க்காரியாகவும் வந்த விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? விளம்பரக்காரர்கள் மன்னிப்புக் கேட்டதோடு சரி. அதைக் கெட்ட வார்த்தையில் கிழித்துப் பாட்டுப் போட்ட உடன்பிறப்புகள் இரண்டு பேருக்குப் போலீஸின் நிபந்தனை எச்சரிக்கை. அவர்கள் செய்ததும் சரி என்று நான் சொல்லவரவில்லை. யார் ஆரம்பித்தாலும் சத்தம் போடுபவன்தான் மாட்டுவான் என்று கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். சரி, இதை இத்தோடு விடுகிறேன், இதைப் படிப்பவர்களில் அலுவலகத்துக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஆனாலும் மாஸ்க்குக்காக என்றால் உன்னிடம் அல்லவா "மாஸ்க்கை ஏத்துக்கா" என்று சொல்லியிருக்கவேண்டும். அவளிடம் ஏன் சொன்னேன்? மன்னித்துவிடு. அந்த ஒரு வார்த்தையில், அவள் சொன்னதற்குப் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி நானே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன். அது எனக்குத் தெரியும். இரவில் சில நாள் தூக்கத்திலிருந்து எழுப்புவதே அதுதான்.

சின்ன வயதில் நாம் கேட்காததா? 'அப்புநேநே' என்று கேலி செய்துகொண்டு பின்னாலேயே ஓடிவருவார்கள், அழுகிற தம்பி தங்கையிடம் நம்மைக் காட்டிப் பிடித்துக்கொண்டுபோய்விடுவான் என்பார்கள், வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு நீ எங்கே என்று கேட்பார்கள். சொன்னவர்கள் பிள்ளைகள். பெரியவர்கள் நம் முன்னால் வாயை மூடிக்கொண்டார்கள், அது பயமோ நாகரிகமோ, நமக்கு அது போதுமாக இருந்தது. இப்போது பேரப்பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிற படத்தைப் போட்டு, சொந்தப் பெயரில், அதே பிள்ளைகள் சொன்னதைப் பெரியவர்கள் எழுதுகிறார்கள், அடியில் முந்நூறு பேர் லைக். அந்த அம்மாளும் முகத்தை மறைக்கவில்லை என்பதைக் கவனித்தாயா? மாஸ்க்தான் இருந்தது, வெட்கம் இருக்கவில்லை. அடுத்த மாதமே ஆர்ச்சர்ட் ரோட்டில், வேறு வேறு இனத்துக் காதலர்களைப் பார்த்து ஒருவர் கேமரா முன்னாலேயே பாடம் நடத்தினார், கடைசியில் பார்த்தால் அவர் பலதுறைத் தொழிற்கல்லூரி விரிவுரையாளர். இனவாதம் முக்கியமான பிரச்சினை என்று 2021-இல் நூற்றுக்கு 56 பேர் சொன்னார்கள், 2024-இல் 41 பேர்தான் என்று கொள்கை ஆய்வுக் கழகத்தின் ஆய்வு. "குறைஞ்சிருக்கா, பழகிடுச்சா" என்று கேட்டாயே, நீ கேட்டதிலேயே நல்ல கேள்வி அது.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று நேற்று ராத்திரி என் பெண்டாட்டியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீ ஹொக்கியனில் சொன்னதில் பஸ் சிரித்த இடம் எனக்குப் புரிந்தது. நான் கேகே மருத்துவமனையில் பிறந்தவள், இந்த ஈசூனில் உனக்கு முன்னாலிருந்தே இருக்கிறேன், திட்டவேண்டுமென்றால் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற அந்த சீக்கா ஆட்களைப் போய்த் திட்டு. அதுதானே?

உனக்குப் பின்னால் ஜன்னலோரம் யார் உட்கார்ந்திருந்தாள் அக்கா? சாங்கி வணிகப் பூங்காவில் வேலை பார்க்கிறவள். 'சென்னை பிசினஸ் பார்க்' என்று இணையத்தில் கேலி செய்கிறார்களே, அதே இடம். தஞ்சாவூரிலிருந்து 2006-இல் வந்தவள். 2005-இல் இந்தியாவும் சிங்கப்பூரும் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின் ஆங்கிலச் சுருக்கமான சீக்கா ஒரு வசைச்சொல்லாகும் என்று யார் நினைத்தார்கள், அதுவும் நம் வீட்டு வாயிலேயே. குடிமக்களுக்கான பிங்க் ஐசி வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மூன்று மாதம் அவளைத் தூக்கி உட்காரவைத்தது யார்?

இறங்கி நடக்கும்போது அவள் "அண்ணி என்ன சொன்னாங்க" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, வாயை மூடச் சொன்னாங்க" என்றேன். உன்னைக் காப்பாற்ற அவளிடம் பொய் சொன்னேன். அதே நடையில் என்னை நீ கோழை மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாய்.

அப்புறம் அந்தக் காணொளி வந்தது. ஹொக்கியன் பேசும் இந்திய ஆன்ட்டி! சீனப் பிள்ளைகளே சப்டைட்டில் கேட்டார்கள், என் பாட்டியைவிட நன்றாகப் பேசுகிறாரே என்றார்கள். ஒருவர், இவர்தான் நம் அசல் சிங்கப்பூர் இந்தியர், அந்த மாதிரி ஆட்கள் இல்லை என்று எழுதியிருந்தார். அதை நீ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டாய், கீழே ஒரு சிரிப்போடு. அவள் கைதட்டும் படம் போட்டாள். அன்றைக்கு நான் உன்னை வெறுத்தேன் அக்கா. ஒருநாள்தான், ஆனால் வெறுத்தேன். நான் ஒருமுறை குனிந்ததை நாலு வருஷம் சுமக்கவைத்தவள் நீ. நீ ஒருத்தியைக் கீழே தள்ளி அதன்மேல் ஏறி நின்றதற்கு முந்நூறு லைக்.

எழுதிவிட்டேன். அழிக்கவில்லை.

சொல்கிறேன், உன் நிலைமை எனக்குத் தெரியாமலில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தி மூன்று ஷிஃப்ட் பார்த்து என்னைப் படிக்கவைத்தவள் நீ. ஐம்பது வருஷம் இருந்த ஊரில் ஒருத்தி போ என்று சொன்னால் கைக்குக் கிடைத்ததைத்தானே தூக்குவாய். அந்த நேரத்தில் நியாயம் பார்த்து வார்த்தை எடுக்க முடியுமா? நானே ஒற்றை வார்த்தையைத் தப்பாக எடுத்தவன்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த இளம் சீன ஜோடிக்கு உன் அடுக்களை அவ்வளவு பிடித்துப்போனதே. உங்கள் புளோக்கில் சீனருக்கான ஒதுக்கீடு நிரம்பிவிட்டது, சீனர் அல்லாதவருக்குத்தான் விற்கமுடியும் என்று ஏஜெண்ட் சொன்னபோது நீ போட்ட சத்தம்! 1989-லிருந்து இருக்கிற விதி, எந்த இனமும் ஒரே இடத்தில் குவியக்கூடாது என்பதற்காக. குவியாமல் இருந்ததால்தான் நமக்கு எல்லா இனத்திலும் பக்கத்துவீட்டுக்காரர்கள் கிடைத்தார்கள் என்பேன், விலையைக் குறைத்து விற்றவள் நான்தானே என்பாய். இரண்டும் உண்மை. கடைசியில் வாங்கியது யார்? ஹைதராபாத்திலிருந்து வந்து குடியுரிமை வாங்கிய குடும்பம். "நல்ல ஆளுங்க, பொண்ணு என் கையைப் பிடிச்சிக்கிட்டா" என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் என் பெண்டாட்டி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், ஹொக்கியன், என் பொய். அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "அன்னைக்கே தெரியும். மத்ததுதான் புரியல, சீக்கா புரிஞ்சது" என்றாள். அவ்வளவுதான். நாலு வருஷம் தெரிந்துகொண்டே உனக்குக் கைதட்டியிருக்கிறாள், தீபாவளிக்கு உனக்கென்று தனியாக அதிரசம் சுட்டிருக்கிறாள். கோபமில்லையா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அது இல்லை என்று அர்த்தமா, எனக்கு இன்னும் தெரியவில்லை.

2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் இன நல்லிணக்கத்துக்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்றினார்கள். நல்லது. வேற்று இனத்தாரைப் புண்படுத்தியவர் அந்தச் சமூகத்தை அறிந்துகொண்டு உறவைச் சரிசெய்ய அதில் ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கங்கோங் கீரை அம்மாளுக்கு அது பொருந்தலாம். நம் மூன்று பேருக்கு இடையில் கிடப்பதற்கு எந்தச் சட்டமும் வராது.

பெட்டி கட்ட உதவிக்கு அவள் இரண்டு நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறாள். எதையெல்லாம் தூக்கிப்போடப்போகிறாய் என்று தெரியவில்லை, அம்மாவின் இட்லிக் குண்டானை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே, அது அவளுக்கு வேண்டுமாம். உன்னிடம் கேட்கக் கூச்சப்படுகிறாள். அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கொடு. நான் வேண்டுமென்றால் கீழே கோப்பிக்கடையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நீயாக அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கொடு.

தம்பி