கழற்றிப் பார்க்காமல் கழித்துக் கட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்து வருடப் பழைய கணினியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைவிடப் புதிது வாங்குவதே புத்திசாலித்தனம் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் வீட்டு மேசையில் இருக்கும் ஒரே ஒரு கணினியை மனதில் வைத்து எழுதியிருப்பார் போலிருக்கிறது. என்னிடம் இருப்பவை ஆறு.

கும்பகோணத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். முன் ஹாலில் பதினான்கு தட்டச்சு இயந்திரங்கள், உள் அறையில் இந்த ஆறு கணினிகள். அரசு வேலைக் கனவோடு வருகிற பிள்ளைகள் தட்டச்சில் லோயர், ஹையர் முடித்த கையோடு சி.ஓ.ஏ. என்கிற அலுவலகக் கணினித் தேர்வுக்காக உள் அறைக்கு வருவார்கள். ஆறும் 2014-இல் ஒரே நாளில் அசெம்பிள் செய்து வாங்கியவை. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 புராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 7 இருந்தது. பிறகு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்த காலத்தில் விண்டோஸ் 10-க்கு மாற்றிக்கொண்டேன்.

போன வருடம் நிலைமை எப்படி இருந்தது என்றால், சுவிட்சைப் போட்டதிலிருந்து வேர்டு திறந்து கர்சர் துடிக்க ஆறு நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே அளந்திருக்கிறேன். எங்கள் பேட்ச் ஒரு மணி நேரம்தான். காலை ஆறு மணி பேட்ச் பிள்ளைகள் கணினியை ஆன் செய்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வருவதை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் 2025 அக்டோபர் 14 வந்தது. விண்டோஸ் 10-க்கு இனி வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்றார்கள். சரி, 11-க்குப் போவோம் என்று பார்த்தால் அதற்கு டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். என்னுடையது நான்கு. எங்கள் ஊர்க் கடை ஒன்றில் விசாரித்தேன். கடைக்காரர் கணினியைப் பார்க்கக்கூட வரவில்லை. "மேடம், அதெல்லாம் செத்த பாம்பு. ஒண்ணுக்கு ஆயிரத்து ஐநூறு போட்டு எடுத்துக்கிறேன். புதுசு மானிட்டர் இல்லாம முப்பத்து நாலாயிரம். ஏ.ஐ.-க்காகப் பெரிய கம்பெனிக்காரனெல்லாம் ரேமை அள்ளிக்கிட்டுப் போறான், அடுத்த மாசம் இன்னும் ஏறும்" என்றார். விலை ஏறுகிறது என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஆறுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் மாதக் கட்டணத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்.

என்னிடம் ஹையர் படித்த பையன் ஒருவன் இப்போது ஓசூரில் கணினி பராமரிப்பு வேலையில் இருக்கிறான். அவனுக்குப் போன் போட்டேன். அவன் விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "மேடம், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க. சி.பி.யு., மெமரி, டிஸ்க்குன்னு வரும். மெதுவா இருக்கிற நேரத்துல எது நூறைத் தொடுதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றான். பார்த்தேன். சி.பி.யு. பன்னிரண்டு, பதினைந்து என்று சும்மா உட்கார்ந்திருக்கிறது. மெமரி எண்பத்தைந்து. டிஸ்க் மட்டும் நூறிலேயே நின்றது, இறங்கவே இல்லை. அடுத்தடுத்து மற்ற ஐந்திலும் அதே கதைதான். மூளை சும்மா இருக்கிறது, அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஆளுக்குத்தான் மூச்சு வாங்குகிறது என்று புரிந்தது.

தட்டச்சு இயந்திரத்தோடு முப்பது வருடம் இருந்தவளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். எழுத்து மங்கினால் ரிப்பன், தாள் நழுவினால் ரோலர் என்று அந்தந்த இடத்தில் கை வைப்போமே தவிர, இயந்திரத்தையே தூக்கிப் போட மாட்டோம். கணினி என்றதும் மட்டும் எப்படியோ நமக்குப் பயம் வந்துவிடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வந்தான். போகிற வழியில் இல்லை, இதற்கென்றே வந்தான். முதல் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒட்டடைப் போர்வை. மின்விசிறிக்குக் கீழே ஓடு உடைந்த இரண்டு பல்லி முட்டை. தட்டச்சு எழுத்துகளைச் சுத்தம் செய்கிற பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தேன், அதைவிடச் சரியான கருவி அவன் பையிலேயே இல்லை. புராசஸருக்கும் மேலே இருக்கிற உலோகக் கட்டிக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொடியாகியிருந்தது. துடைத்துப் புதிதாகப் பூசினான். ரேமின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தான். தேதியை மறந்து 2014-க்கே போய் நிற்கிற கணினிக்குக் காசு அளவு பட்டன் பேட்டரி ஒன்று, முப்பது ரூபாய். அந்தத் தேதித் தகராறுக்காகவே ஒரு வருடம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான்காவது பெட்டியைத் திறந்ததும் அவன் உதட்டைப் பிதுக்கினான். மதர்போர்டில் சின்ன டப்பா மாதிரி நிற்கிற கெப்பாசிட்டர்கள் நான்கின் தலை உப்பி, ஒன்றில் பழுப்பாகக் கசிந்திருந்தது. "இதை விட்டுடலாம் மேடம்" என்றான். இந்தக் காலத்து மதர்போர்டு போட்டால் அதற்கேற்ற புராசஸர் வேண்டும், பழைய டி.டி.ஆர்.3 வகை ரேம் அதில் பொருந்தாது, பிறகு மின்சாரம் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்.ஸும் பழசுதானே என்று தோன்றும். மிஞ்சுவது தகரப் பெட்டி மட்டும். பழுது பார்ப்பது எந்த இடத்தில் புதிது வாங்குவதாக மாறிப்போகிறது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. மனதைத் தேற்றிக்கொண்டு அதிலிருந்த ரேமைக் கழற்றி இன்னொன்றுக்குக் கொடுத்தோம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்கிய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாமல் வேகமாக எடுத்துக் கொடுக்கிற எஸ்.எஸ்.டி. ஐந்து கணினிக்கும் 256 ஜிபியில், ஒன்று 2,300 வீதம் 11,500 ரூபாய். சென்னை ரிச்சி தெருவிலிருந்து பயன்படுத்திய 4 ஜிபி டி.டி.ஆர்.3 ரேம் நான்கு, 550 வீதம் 2,200. பேஸ்ட்டும் பேட்டரிகளும் 400. ஆக 14,100. செத்துப்போன ஒன்றுக்குப் பதிலாக, ஒரு நிறுவனத்தில் ஓடிக் கழிந்து புதுப்பிக்கப்பட்ட எட்டாம் தலைமுறை ஐ5 கணினி 15,500-க்குக் கிடைத்தது. அதில் விண்டோஸ் 11 முறையாகவே ஏறுகிறது. முப்பதாயிரத்துக்குள் ஆறு இடமும் நிரம்பிவிட்டது. ஆறு நிமிடமாக இருந்த காத்திருப்பு இருபத்தைந்து நொடியாகக் குறைந்துவிட்டது.

எல்லாம் வழுக்கிக்கொண்டு நடக்கவில்லை. முதலில் நானே உள்ளூரில் வாங்கி வந்த ரேம் டி.டி.ஆர்.4. நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருந்ததால் செருகவே முடியவில்லை. நல்லவேளை, அழுத்திப் பார்க்கவில்லை. இன்னொரு கணினியில் 8 ஜிபி போட்டும் மூன்றரை ஜிபிக்குக் கீழேதான் பயன்படும் என்று காட்டியது. அதிலிருந்தது 32 பிட் விண்டோஸ், நான்கு ஜிபிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. 64 பிட்டுக்கு மாற்றியதும் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து எங்கள் பழைய தட்டச்சுப் பயிற்சி மென்பொருள் ஓட மறுத்துவிட்டது. அதற்காகவே ஒன்றை மட்டும் திரும்ப 32 பிட்டிலேயே விட்டிருக்கிறேன். புதிதாக வந்த ஐ5-இல் பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்பைத் திறந்தால் மணமகன் பெயருக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டியது. யூனிகோடு என்கிற பொது எழுத்துமுறைக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களை யாரும் அதில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். புதுக் கணினி வாங்கச் சொல்லும் கட்டுரைகளில் இந்த வேலைக்கெல்லாம் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

பாதுகாப்பு என்னாவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வங்கி வேலை, தேர்வு விண்ணப்பம், ஆதார் நகல் எல்லாம் அந்த ஐ5-இல் மட்டும்தான். மற்ற ஐந்திலும் இணையக் கேபிளையே பிடுங்கிவிட்டேன். வேர்டிலும் எக்ஸெலிலும் கைபழக இணையம் எதற்கு? பிள்ளைகளின் பென் டிரைவுக்கும் தடை. வீட்டில் ஒரே கணினி, அதில்தான் பணப் பரிமாற்றமும் என்றால் என் வழி உங்களுக்கு ஆகாது. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த அவகாசத்தில் நிதானமாக முடிவெடுக்கலாம். பழையதிலேயே 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று இரண்டு பேர் வந்தார்கள். அப்படி ஏற்றினால் திருத்தங்கள் வருமென்று உத்தரவாதமில்லை என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தையும் யோசித்தேன். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிக்கூடக் கணினிகளே அதில்தான் ஓடுகின்றன. ஆனால் எங்கள் பிள்ளைகள் தேர்வில் வேர்டைத்தானே திறக்க வேண்டும்?

இன்னொன்று. சில வருடம் முன்பு ஒரு பழைய கணினியை அப்படியே காயலான் கடைக்குப் போட்டேன். எத்தனையோ மாணவிகளின் புகைப்படமும் சான்றிதழும் அந்த ஹார்டு டிஸ்க்கில் இருந்தன என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. போய்க் கேட்டால் லோடு ஏறிவிட்டது என்றார்கள். அதனால் இந்த முறை கழற்றிய ஆறு டிஸ்க்கும் என் பீரோவில் இருக்கின்றன. செத்த மதர்போர்டை எங்கே கொடுப்பது என்பதுதான் பாக்கி. மின்கழிவு விதிகள் 2022-இல் திருத்தி எழுதப்பட்டு, மறுசுழற்சி செய்யவைக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என்கிறார்கள். எங்கள் ஊரில் எந்தக் கதவைத் தட்டுவது? தங்கள் நிருபர் யாராவது விசாரித்து, மாவட்டவாரியாக முகவரியோடு வெளியிட்டால் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்வேன்.

காலை ஆறு மணி பேட்ச்சில் மட்டும் ஒரு முணுமுணுப்பு இருக்கிறது. "மேடம், இனிமே வந்து உட்கார்ந்த உடனே அடிக்க ஆரம்பிச்சிடணுமா?" என்று ஒருத்தி கேட்டாள். எதிர்க்கடை டீக்காரருக்கும் என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்படிக்கு,
தட்டச்சுப் பயிலகம் நடத்தும் ஒரு வாசகி,
கும்பகோணம்.