எங்கள் ஊர் மண்டபத்துக்கும் கச்சேரி வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பின் வாசகர் பக்கத்தில் ஓர் ஐயா எழுதியிருந்தார். தோட்டப் பகுதி இளையோர் சம்பளம் வாங்கிய கையோடு கோலாலம்பூருக்கு ஓடுகிறார்கள், கச்சேரி, பார்ட்டி, படம் என்று இரவெல்லாம் சுற்றிக் காசையும் உடம்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய கவலை. அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்படிச் சுற்றுகிறவர்களில் நானும் ஒருத்தி, அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன். 2007-இல் பெயர் மாற்றினாலும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பாமாயில் ஆலையில் எடை போடும் இடத்தில் கிராணி (எழுத்தர்) வேலை. செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரியை நிறுத்தி எடை எடுக்க வேண்டும், குலையைக் கொட்டிவிட்டு வந்ததும் வெறும் லோரியை மறுபடி எடை எடுக்க வேண்டும், சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க டீசல் புகை, ஆலையின் இரைச்சல், ஓட்டுநர்களோடு வாக்குவாதம். வேலை முடிந்தால் எனக்குப் பாட்டு வேண்டும், வெளிச்சம் வேண்டும், நாலு பேர் சிரிக்கிற சத்தம் வேண்டும். அதில் ஒளித்து மறைக்க என்ன இருக்கிறது?

போன வாரத்தையே எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை வீட்டிலேயே இருந்தேன். கோயிலுக்குப் பின்னால் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) பையன்கள் உறுமி மேளம் பழகிக்கொண்டிருந்தார்கள், வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த உறுமல் எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்கும். செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர் பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை. அங்கே கண் தெரியாத ஒரு தம்பதி கீபோர்டு வைத்துப் பாடுகிறார்கள். அண்ணன் வாசிக்கிறார், அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார், மடியில் டிஷ்யூ பாக்கெட்டுகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் கூடை. மலாய்ப் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் பேச்சுச் சத்தம் காதில் விழுந்ததும் அப்படியே தமிழ்ப் பழைய பாட்டுக்கு மாறினார்கள். அந்த அக்கா மேல் ஸ்தாயியில் ஒரு வரியை இழுத்தபோது, மீன் வாங்கிக்கொண்டிருந்த மலாய் அம்மாக்களும் எதிர்க்கடைச் சீனத் தவுக்கே முதலாளியும் கைவேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரலுக்கு ஒரு நல்ல ஒலிபெருக்கியும் ஒரு மேடையும் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ரவாங்கில் படம். புதன் என்றால் டிக்கெட் விலை குறைவு, அதனால் எங்கள் ஆலைப் பெண்கள் நாலைந்து பேர் ஒரே காரில் போய்விடுவோம். படம் சுமார்தான்.

வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் அந்த ஐயா நேரில் பார்த்திருக்க வேண்டும். ஒன்றுவிட்ட தங்கச்சிக்கு 21-ஆவது பிறந்தநாள், ஊர் மண்டபத்தில் விருந்து. வாசலில் இருந்து மேடை வரை திங்கட்கிழமை பழகிய அதே பையன்கள் உறுமி அடித்து அழைத்து வந்தார்கள், பெரியவளாகிவிட்டாள் என்பதற்கு அடையாளமாக ஜிகினா ஒட்டிய பெரிய அட்டைச் சாவியை மாமா அவள் கையில் கொடுத்தார், அப்புறம் டிஜே. நாலு வயசுக் குழந்தையில் இருந்து எண்பதைத் தொட்ட எங்கள் பாட்டி வரைக்கும் ஆடினார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த பாட்டி அவர், முட்டி வலி என்று படியேறவே யோசிப்பவர், அன்றைக்குச் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு பாட்டுக்கு ஆடிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கு முன்னால் பாட்டை நிறுத்தினோம், நாற்காலிகளை அடுக்கினோம், பாதிப் பேர் நடந்தே வீடு போனார்கள். யாரும் கெட்டுப்போகவில்லை.

சனிக்கிழமை கோலாலம்பூரில் பெரிய கச்சேரி. புக்கிட் ஜாலில் ஆக்சியாட்டா அரங்கம், பதினாறாயிரம் பேர் கொள்ளும் இடம். பாடகர் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கினார்கள், அது இங்கே வழக்கமாகிவிட்டது. ஆனால் தொடங்கிய பிறகு? ஒரு பாட்டின் பல்லவியைப் பாடிவிட்டு அவர் மைக்கைக் கீழே இறக்கினார், சரணத்தை முழு அரங்கமும் எடுத்துப் பாடியது. என் பக்கத்தில் யாரென்றே தெரியாத ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடினார். 2023 ஜனவரியில் ஏ.ஆர். ரஹ்மான் அந்தப் பக்கத்துத் தேசிய அரங்கத்தில் பாடியபோதும் இதே நிலைமைதான், திரும்பி வந்து ஒரு வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை. இந்த மாதிரி ஓர் இரவுக்காக நான் மாதக்கணக்கில் சேமிப்பேன், இனியும் சேமிப்பேன். அது என் உழைப்பின் காசு.

சரி, இப்போது அந்த ஐயாவோடு நான் ஒத்துப்போகும் இடத்துக்கு வருகிறேன். கச்சேரி முடியும்போது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. நகரத்துக்காரர்களுக்கு எல்ஆர்டி ரயில் இருக்கிறது, பெரிய நிகழ்ச்சி என்றால் சில சமயம் அதன் நேரத்தைக்கூட நீட்டிக்கிறார்கள். எங்களுக்கு? எல்ஆர்டியில் ஏறி, பண்டாரையாவில் இறங்கி, பேங்க் நெகாரா நிலையத்துக்கு நடந்து போய்ச் சேர்ந்தாலும் ரவாங் பக்கம் போகும் கடைசி கொமுட்டர் ரயில் போயிருக்கும். அப்படியே கிடைத்தாலும் ரவாங்கில் இறங்கி அதற்கு மேல் எதில் போவது? அதனால் கார் உள்ளவர்கள் காரில் போகிறோம், இல்லாத பையன்கள் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். நான் அண்ணன் காரில் வந்தேன். ஈஜோக் தாண்டியதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் செம்பனை, பல இடங்களில் விளக்கு கிடையாது, எங்கே மாடு படுத்திருக்கும் எங்கே லோரி நிறுத்தியிருக்கும் என்று சொல்ல முடியாது. எங்களுக்கு முன்னால் இரண்டு மோட்டார்கள், கச்சேரிச் சட்டையோடு நாலு பையன்கள், பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் தூக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தான். அண்ணன் வேகத்தைக் குறைத்து, அவர்களுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டே ஊர் வரைக்கும் பின்னாலேயே ஓட்டி வந்தார். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டாரில் போகிறவர்கள். எங்கள் தாமானிலேயே ஒரு தம்பி இப்படி ஓர் இரவில் நின்றிருந்த லோரியில் மோதி, இப்போது காலில் இரும்புக் கம்பியோடு நடக்கிறான்.

ஐயாவின் பயம் இந்த ரோட்டைப் பற்றி என்றால் எனக்கும் அதே பயம்தான். ஆனால் அதற்குப் பாட்டைக் குறை சொல்லி என்ன பயன்? பாட்டு எங்கள் ஊருக்கு வராததால்தானே இவ்வளவு தூரம் போகிறோம்.

முன்பெல்லாம் வந்திருக்கிறது. இந்த வட்டாரம் சாதாரண வட்டாரம் இல்லை, 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போடப்பட்டது எங்கள் தென்னமரம் தோட்டத்தில்தான். இவ்வளவு பழைய தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இரவு வாழ்க்கையே இல்லாமலா இருந்தது? தகவல் இலாகா வேன் வந்து திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் போட்டதை, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு போய் இடம் பிடித்ததை, திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து எழுத்தெல்லாம் இடவலம் மாறிப் பார்த்ததை எங்கள் அம்மா இன்றைக்கும் சொல்வார். தீமிதித் திருவிழா என்றால் விடிய விடிய நாடகம், பாட்டுக் கச்சேரி. தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, வீடமைப்பும் தொழிற்சாலையுமாக மாறியபோது சனங்கள் லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்தார்கள். வீடு கிடைத்தது, கிடைக்காதவர்கள் இன்னும் போராடுகிறார்கள், அது தனிக் கதை. ஆனால் திடலும் மேடையும் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

இன்றைக்கு எங்கள் ஊரில் இரவு பத்து மணிக்கு மேல் எது திறந்திருக்கிறது என்று அந்த ஐயா ஒரு நடை வந்து பார்க்கட்டும். மாமாக் சாப்பாட்டுக் கடை, அப்புறம் மலிவான சம்சு சாராயம் கிடைக்கும் இடங்கள். கச்சேரிக்குப் போகக் காசில்லாத பையன்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். மனம் விட்டு ஆடிப் பாட இடம் இல்லாத ஊரில்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள், நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அண்ணன் வர மாட்டேன் என்று சொன்னால் எனக்கு புக்கிட் ஜாலில் கிடையாது, அவ்வளவுதான். எங்கள் சின்னம்மாவுக்குப் பாட்டென்றால் உயிர், மின்னல் எஃப்எம் வானொலி இல்லாமல் அவருக்குச் சமையலே ஓடாது, ஆனால் வாழ்க்கையில் ஒருமுறைகூட நேரில் உட்கார்ந்து ஒரு முழுக் கச்சேரி கேட்டதில்லை. நடந்து போகும் தூரத்தில் நடந்தால் அவர்தான் முதல் ஆளாக வந்து நிற்பார்.

இது நடக்காத காரியம் இல்லை. வெளிநாட்டுக் கலைஞர் என்றால் புஸ்பால் குழுவின் அனுமதி அது இதென்று அலைய வேண்டும், செலவும் எக்கச்சக்கம். நான் கேட்பது அதுவல்ல. நம் நாட்டிலேயே அருமையான பாடகர்கள், ராப் பாடுகிறவர்கள், இசைக்குழுக்கள், நடனமணிகள் இருக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் நுண்கலைக் கோயில் 1981-இல் இருந்து நம் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் சொல்லிக் கொடுத்து எவ்வளவு அழகான நாட்டிய நாடகங்களை மேடையேற்றியிருக்கிறது! அந்த மாதிரி நிகழ்ச்சிகள் கோலாலம்பூரில் மூன்று நாள் நடந்தால் நாலாவது நாள் கோலசிலாங்கூருக்கோ எங்கள் ஊருக்கோ வந்தால் என்ன? இருநூறு நாற்காலி, ஓரளவு நல்ல ஒலிபெருக்கி, பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) டிக்கெட், இரவு பத்தரைக்கு முடித்துவிட வேண்டும். முதல் அரை மணி நேரம் எங்கள் உறுமிப் பையன்களுக்கும், அந்தப் பசார் மாலாம் அக்காவுக்கும். மண்டபம் நிரம்பாவிட்டால் என்னைக் கேளுங்கள்.

மாநில அரசும் இதில் கொஞ்சம் கை கொடுக்கலாம். 1953-ஆம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டப்படி டிக்கெட் விலையில் 25 விழுக்காடு வரைக்கும் வரி போகலாம், ஆனால் அதைக் குறைப்பதும் தள்ளுபடி செய்வதும் மாநிலத்தின் கையில் இருக்கிறது. சிறு பட்டணத்தில் உள்ளூர்க் கலைஞர்களை வைத்து நடத்தும் நிகழ்ச்சிக்கு ஒரு காசுகூட வாங்க மாட்டோம் என்று சிலாங்கூர் அறிவித்தால், ஏற்பாட்டாளர்கள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் போலீஸ் பெர்மிட் எடுப்பதில், மண்டப வாடகையில் உதவி செய்யலாம். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் விருந்துக்குக் கூடாரம் போடுகிறார்கள், நன்றி, ஆனால் வருஷத்தில் மற்ற இரவுகளும் இருக்கின்றன.

கடைசியாக உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சினிமா, கலைப் பக்கத்தை நான் ஒரு வரி விடாமல் படிப்பவள். அதில் வருவதெல்லாம் கோலாலம்பூர் நிகழ்ச்சிகள், பெரிய படத்தோடு. அவற்றில்கூட எத்தனை மணிக்கு முடியும் என்று யாரும் போடுவதில்லை, எங்களைப் போல் தூரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். வாரம் ஒருமுறை சின்னதாக ஒரு கட்டம் ஒதுக்குங்கள்: பகாவ், சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், கூலிம், எங்கள் ஊர் என்று எந்தப் பட்டணத்தில் கோயில் கச்சேரி, உறுமிப் போட்டி, பள்ளி நாடகம், கரவோக்கே இரவு நடந்தாலும் இடம், டிக்கெட் விலை, தொடங்கும் நேரம், முடியும் நேரம் போட்டு. கோலசிலாங்கூர் வட்டாரத்துக்கு விவரம் சேகரித்து அனுப்பும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன். எந்தக் கிழமைக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். இந்த மாதம் எங்கள் பக்கம் இரண்டு கோயில்களில் திருவிழா இருக்கிறது, இரண்டிலும் இசை நிகழ்ச்சி உண்டா என்று இப்போதே தலைவர்களைக் கேட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்