வெண்பன்றிக் கொட்டகைத் திட்டங்களுக்கு ஒப்புதல் அளிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கால்நடை மருத்துவர்களுக்கும், திட்ட மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர்களுக்கும், கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வங்கி அலுவலர்களுக்கும்,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் இருபது தாய்ப்பன்றிகளை வைத்துப் பிழைக்கும் வளர்ப்பாளன் நான். ஒன்றிய அரசு 2021-இல் திருத்தியமைத்த தேசியக் கால்நடை இயக்கம் என்ற திட்டத்தில், 100 பெண் பன்றிகளும் 10 ஆண் பன்றிகளும் கொண்ட பண்ணைக்கு மூலதனச் செலவில் பாதி, அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு என்று அறிவிக்கப்பட்ட பிறகு, இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர் பலர் என்னிடம் கொட்டகை வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஆண் பன்றிக்கு 6 முதல் 7 சதுர மீட்டர், குட்டி ஈனும் அறைக்கு 7 முதல் 9 சதுர மீட்டர் என்று தரையின் அளவு அவற்றில் பிசகாமல் இருக்கிறது. ஆனால் கட்டடம் எந்தத் திசை பார்த்து நிற்கும், கூரை எவ்வளவு சூட்டைக் கீழே இறக்கும், படுத்திருக்கும் பன்றியின் மேல் காற்று படுமா என்பவற்றைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. கட்டிய கொட்டகை இருபது ஆண்டுகளாவது நிற்கும் என்பதால், வரைபடத்தில் விடுபட்டது இருபது கோடைகளுக்கு விடுபட்டதாகிவிடுகிறது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

பன்றிக்கு நம்மைப் போல வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ள இயலாது. மூச்சிரைப்பது, ஈரத்தில் புரள்வது, குளிர்ந்த தரையில் உடலைப் பரப்பிக் கிடப்பது ஆகிய மூன்று வழிகளே அதற்கு உண்டு. நம் பண்ணைகளில் பெரும்பாலும் இருப்பது லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயரும் அதன் கலப்பும்தான்; வடக்கு இங்கிலாந்தின் குளிரில் உருவான இனம் அது. பால் கொடுக்கும் தாய்ப்பன்றிக்கு 18 முதல் 22 டிகிரி வரை இதமாக இருக்கும். 25 டிகிரியைத் தாண்டினால் அது தீவனத்தைக் குறைக்கத் தொடங்கும், பின்னாலேயே பாலும் குறையும். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயில் 38, 40 டிகிரி என்று போகும்போது அந்த விலங்கு படும் பாட்டை, பகல் மூன்று மணிக்குக் கொட்டகைக்குள் நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தன் சாணத்திலும் சிறுநீரிலும் அது புரள்வது, உடலை நனைத்துக்கொள்ள வேறு ஈரம் கிடைக்காததால்தான். குளிர்ச்சியான படுக்குமிடம் கொடுத்தால் பன்றி ஒரு மூலையை மட்டும் கழிப்பதற்கு ஒதுக்கி, மற்ற இடத்தைத் தானாகவே சுத்தமாக வைத்துக்கொள்கிறது. அழுக்குப் பிராணி என்று அதற்கு நாம் சூட்டிய பெயரில் பாதிக்கு மேல் நம் கொட்டகைகளின் குற்றம்.

என் முதல் கொட்டகையை எனக்குக் கிடைத்த வரைபடத்தின்படியே கட்டினேன். நீளவாட்டம் தெற்கு வடக்காக இருந்ததால் காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக உள்ளே விழுந்தன. தாழ்வான தகரக் கூரை நண்பகலில் கை வைக்க முடியாதபடி கொதித்தது, பன்றிகளின் முதுகில் அனலாக இறங்கியது. சுற்றிலும் நான்கடி உயரத்துக்குச் செங்கல் சுவர். அதற்கு மேலே திறந்திருந்ததால் நான் நிற்கும்போது என் முகத்தில் நல்ல காற்று அடித்தது, காற்றோட்டத்துக்குக் குறைவில்லை என்றே இரண்டு ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நோயுற்ற பன்றிக்கு ஊசி போட்டுவிட்டு அதன் அருகிலேயே தரையில் உட்கார்ந்தபோதுதான், ஓரடி உயரத்தில் படுத்திருக்கும் உயிருக்கு அந்தக் காற்றில் ஒரு துளியும் வந்து சேரவில்லை என்பது உறைத்தது. மறு வாரமே சுவரின் கீழ்ப்பகுதியை இடித்து, காற்று புகும் துளைகள் உள்ள ஜாலிக் கல் வைத்தேன். கூரையின் மேல்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தேன், உள்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினேன். மேற்கே வேம்பும் புங்கையும் நட்டேன். இவற்றில் எதற்கும் மின்சாரம் வேண்டியதில்லை. கிழக்கு மேற்காக நீளவாட்டம், பத்தடி உயரத்துக்குக் குறையாத தாழ்வாரம், சூடான காற்று வெளியேற முகட்டில் ஒரு திறப்பு, முப்பதடியைத் தாண்டாத அகலம் என்று வரைபடத்திலேயே இருந்திருந்தால், பின்னால் நான் செய்த செலவில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் நீர் தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை, அதாவது ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமமான வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆகவே ஓரிரு நிமிடம் தெளித்து, தோல் உலரும் வரை கால் மணி நேரம் விட்டு மறுபடி தெளிப்பதே பயன் தரும். ஓயாமல் தெளித்தால் தரை சேறாகும், தண்ணீர் வீணாகும். பால் கொடுக்கும் தாய்க்குக் கழுத்திலும் தோளிலும் மட்டும் நீர் சொட்டினால் போதும், அதற்குத் தக்காளி வயலில் போடும் சொட்டுநீர்க் குழாயே போதுமானது. மூடிய கட்டடம், உள்ளே வரும் காற்றை நனைத்துக் குளிர்விக்கும் ஈரத் திண்டு, ராட்சத மின்விசிறி என்று இப்போது சிலர் பரிந்துரைக்கும் ஏற்பாடு தருமபுரியின் வறண்ட கோடையில் ஓரளவு வேலை செய்யலாம். ஏற்கெனவே காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் சென்னை, கடலூர்க் கரையோரங்களில் அதனால் குளிர்ச்சி சொற்பமே கிடைக்கும், மின் கட்டணம் மட்டும் முழுதாக வரும். மின்சாரம் நின்றுபோனால் மூடிய கட்டடத்துக்குள் நேரக்கூடியதை நினைக்கவே அஞ்சுகிறேன்.

வரைபடங்கள் முற்றிலும் கைவிட்டிருக்கும் இடம் குட்டி ஈனும் அறை. அங்கே ஒரே அறைக்குள் இரண்டு பருவங்கள் வேண்டும். தாய்க்கு 20 டிகிரி இதம் என்றால், உடலில் கொழுப்பு மிகக் குறைவாக, ஈரத்தோடு வந்து விழும் குட்டிக்கு முதல் நாட்களில் 32 முதல் 35 டிகிரி வரை வேண்டும். வழக்கமாக நாம் செய்வது 250 வாட் சிவப்பு பல்பை அறையின் நடுவே தொங்கவிடுவதுதான். அது தாயையும் சேர்த்துச் சுடுகிறது, நாளொன்றுக்கு 6 யூனிட் இழுக்கிறது. இரண்டு வாரம் எரிந்தால் ஓர் ஈற்றுக்கு 84 யூனிட் ஆகிறது. மூலையில் பலகையால் மூடியிட்ட ஒரு பெட்டி அமைத்து, குட்டிகள் மட்டும் நுழையும் அளவுக்கு வாசல் விட்டு, தரையில் காய்ந்த கடலைத் தோலைப் பரப்பினால், குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் சூடு வெளியே போகாமல் நிற்கிறது. எனக்கு 100 வாட் பல்பே போதுமானதாக இருக்கிறது, கணக்கு 34 யூனிட்டுக்குள் அடங்குகிறது. ஆண்டுக்கு நாற்பது ஈற்று என்றால் மிச்சம் 2,000 யூனிட். தாய் புரளும்போது குட்டிகள் நசுங்குவதைத் தடுக்க, சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் 25 சென்டிமீட்டர் தள்ளி ஒரு தடுப்புக் குழாய் வேண்டும். ஈனுவதற்கு முந்தைய நாள் தாய் கூடு கட்டத் தவித்து வெறும் சிமெண்டைக் காலால் பிறாண்டும். அப்போது இரண்டு கை வைக்கோல் போட்டால் அது அமைதியாவதை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். மதிப்பீட்டில் இடம்பெற முடியாத அளவுக்குச் சிறிய செலவுகள் இவை. அதனாலேயே விடுபட்டும் போகின்றன.

இன்னொன்று, பன்றிக்குத் தீவனமாகப் போடும் ஹோட்டல் கழிவு. சரியாகக் காய்ச்சாத கழிவின் வழியே தொற்றுநோய் பண்ணைக்குள் வரலாம். 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தென்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடமும் உறுதியானது. கழிவைக் கிளறியபடி 90 டிகிரிக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் காய்ச்ச வேண்டும் என்பது சரியான விதிதான், ஆனால் விறகு வாங்கிக் கட்டுப்படியாகாதவர் அரைகுறையாகச் சுடவைத்துப் போட்டுவிடுகிறார். சாண எரிவாயுக் கலனைக் கொட்டகைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டால், கழுவிவிடும் சாணமே அடுப்புக்கு எரிபொருளாகும்.

நான் கேட்பது கூடுதல் மானியம் அல்ல. தரையின் அளவைக் கேட்கும் அதே படிவத்தில் திசை, தாழ்வார உயரம், கூரையின் வெப்பத் தடுப்பு, கீழ்ச்சுவரின் திறப்பு, குட்டிப் பெட்டி ஆகியவற்றையும் கேளுங்கள். அவற்றுக்கான தொகையை மதிப்பீட்டில் தனி வரியாக அனுமதியுங்கள். சுண்ணாம்பையும் கீற்றையும் தற்காலிக வேலை என்று தள்ளிவிடாதீர்கள். கடைசித் தவணையை விடுவிக்கும் முன் நீங்கள் வரும் ஆய்வு இப்போது பெரும்பாலும் காலை பத்து மணிக்கு நடக்கிறது. அதைச் சித்திரை வைகாசியில் ஒரு நாள் பகல் மூன்று மணிக்கு வைத்துக்கொண்டு, வெப்பமானியைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கால் மணி நேரம் வைத்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
தருமபுரி மாவட்ட வெண்பன்றி வளர்ப்பாளர் ஒருவர்